அடைக்கலமும் நீதி விசாரணையும்

1. எழுந்த வினா

அயனம்பாக்கத்தில் நாம் நடத்திவரும் வேதபாட வகுப்பில் சில மாதங்களாக எரேமியாவின் நூலைக் கற்று வருகிறோம். ஏரிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டின் கூடத்தில் 20 பேர் அளவில் கூடுவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்வோரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பல்லாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இப்பகுதியில் தங்கிவிட்ட இரு குடும்பத்தினரும் அவர்களுள் அடங்குவர். 26ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்த மாலையில் யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவர், “எகிப்து மட்டும் போயும் அந்த மனுசனுக்குத் தப்பேலாமப் போச்சுதே, ஐயா” என்றார். பின்பு இலண்டனில் வாழும் தம் மகனையும் அவனைப் போன்றோரையும் குறித்து, கடல் கடந்து சென்ற பின்னும் தாயகத்து அரசின் கை தங்களை எட்டிவிடும் என்று அவர்கள் அஞ்சுவதாகக் கூறினார்.

இளைஞர் ஒருவர் உடனே மறுத்தார். அயல்நாடுகளில் தங்கும் உரிமை பெறுவதற்காகப் புனையப்படும் கதைகளுள் இதுவும் ஒன்று என்பது அவர் கருத்து. தனக்கு எதிராகப் பேசுவோரை எந்த அரசும் கவனித்தே தீரும் என்றும், அதனை அச்சுறுத்தல் என்பது மிகை என்றும் அவர் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, அரசுகளைப் பற்றிக் கூறப்படும் தீமை எதுவாயினும் நம்பத்தக்கதே என்றார். வகுப்பு இரு பிரிவாயிற்று. அன்று நாம் தந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அவ்வினாவை ஈண்டு சற்று விரிவாக ஆராய்வோம்.

ஓர் அரசு, தன்னை எதிர்த்து அயல்நாட்டில் வாழ்வோரை நேரடியாகவோ பிறர் வாயிலாகவோ வேவு பார்த்தல், மிரட்டுதல், தாயகத்திலுள்ள அவர்தம் உறவினரைத் துன்புறுத்துதல், கடத்துதல், கொல்லுதல் ஆகியவற்றை இக்காலத்தார் ‘எல்லை கடந்த ஒடுக்குமுறை’ என்பர். 2025 ஜூன் மாதம் கனடாவில் கூடிய ஜி-7 நாடுகளின் தலைவர்கள் இதனைக் கண்டித்துத் தனி அறிக்கையே வெளியிட்டனர். சொல் புதிது, செயல் பழையது.

2. திருமறையில் மூன்று காட்சிகள்

முதற் காட்சி எரேமியா 26:20-23இல் உள்ளது. கீரியாத்யாரீம் ஊரானாகிய உரியா, எரேமியா சொன்ன செய்தியையே சொன்னான். யோயாக்கீம் அரசன் அவனைக் கொல்லத் தேடவே, அவன் எகிப்துக்கு ஓடினான். அரசன் அக்போரின் குமாரனாகிய எல்நாத்தானையும் அவனோடு சிலரையும் எகிப்துக்கு அனுப்பி, உரியாவைப் பிடித்துவரச் செய்து, வாளால் கொன்றான். எகிப்து அவனை ஏன் விட்டுக்கொடுத்தது? யோயாக்கீமை அரியணையில் அமர்த்தியவன் பார்வோன் நேகோ என்று 2 இராஜாக்கள் 23:34 கூறுவதை நாம் சேர்த்து வாசித்தல் வேண்டும். இரு அரசுகளும் நட்புறவில் இருந்தபோது அகதியின் உயிர் மலிவாயிற்று. அடைக்கலம் தரும் நாட்டின் தன்னலம் இவ்வழக்குகளில் என்றும் ஒரு பங்கு வகிக்கிறது.

இரண்டாவது, எலியாவைத் தேடிய ஆகாபின் செயல். அரசன் ஆள் அனுப்பித் தேடாத நாடு இல்லை என்றும், எலியா தங்களிடம் இல்லை என்று சொன்ன நாட்டாரிடம் அவன் ஆணை வாங்கினான் என்றும் ஒபதியா உரைக்கிறான் (1 இராஜாக்கள் 18:10). அயல் அரசுகளை நெருக்கி வேண்டாதவரைத் தேடும் வழக்கம் அன்றே இருந்தது.

மூன்றாவது நம்மை இன்னும் நெருங்கித் தொடுகிறது. பிரதான ஆசாரியனிடம் நிருபங்களைப் பெற்றுக்கொண்டு தமஸ்குவுக்குப் புறப்பட்ட சவுல், எல்லைக்கு அப்பால் வாழ்ந்த மாற்றுக் கருத்தினரைக் கட்டிக் கொண்டுவரச் சென்ற அதிகாரபூர்வத் தூதனே ஆவான் (அப்போஸ்தலர் 9:1, 2). அந்நிய நகரங்கள் மட்டும் அவர்களைத் துரத்தியதைப் பிற்காலத்தில் அவனே அகிரிப்பாவின் முன் அறிக்கையிடுகிறான் (26:11). துரத்தினவன் பின்பு துரத்தப்பட்டவனாகி, கூடையில் இறக்கப்பட்டு அதே தமஸ்குவிலிருந்து தப்பினான். ஆகவே இப்பொருள் திருச்சபைக்கு அயலானதன்று. நம் அப்போஸ்தலன் இதன் இரு பக்கங்களிலும் நின்றவன்.

3. நம் மண்ணின் நினைவு

தமிழ்நாட்டினர்க்கும் இது புதிதன்று. 1908ஆம் ஆண்டில் கைதாவதினின்று தப்பிச் சுப்பிரமணிய பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்றார். அது அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் சட்டப்படி அயல்நாடு. 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தனர். பிரித்தானிய இந்திய அரசு அச்சிறு நகரில் தன் இரகசியப் போலீசாரை நிறுத்தி, அவர்களுடைய வீடுகளையும் விருந்தினரையும் கண்காணித்தது, அஞ்சல்கள் இடைமறிக்கப்பட்டன. ஐயர் வீட்டுக் கிணற்றில் அரசுக்கு எதிரான தாள்கள் அடங்கிய ஒரு கலத்தை வேவுகாரர் போட்டு வைத்ததாகவும், அதைக் கண்டெடுத்தவர்கள் தாங்களே பிரெஞ்சுக் காவலரிடம் ஒப்படைத்ததாகவும் அக்காலத்தவர் எழுதிய நினைவுகள் கூறுகின்றன. 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

ஆயின் அன்றைய அரசின் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குரிய தொடர்பு புதுச்சேரியில் உள்ளது என்று அரசு கருதியது. அந்த ஐயத்துக்கு ஓரளவு காரணமும் உண்டு. எனினும் ஐயத்துக்கு இடமிருந்தமை, பொய்ச் சான்றைக் கிணற்றில் போடுவதை நியாயமாக்கிவிடாது. அரசின் குறை மெய்யாகவே இருக்கலாம். அக்குறையைத் தீர்க்க அது கைக்கொள்ளும் வழி தீயதாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாகக் கூடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

4. இலண்டன் வழக்கு கற்பிப்பது

நம் வகுப்பில் பேசப்பட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். 2018 பிப்ரவரி 4 இலங்கையின் 70ஆவது சுதந்திர நாள். இலண்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் முன் தமிழர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். அப்போது அத்தூதரகத்தின் பாதுகாப்பு ஆலோசகராகிய பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ, இராணுவச் சீருடையில் அவர்களை நோக்கி நின்று, கழுத்தை அறுப்பது போன்ற சைகையைத் திரும்பத் திரும்பச் செய்தார். அக்காட்சி படமாக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. இலங்கை வெளியுறவு அமைச்சு அவரைப் பணி இடைநீக்கம் செய்தது. சில நாள்களுக்குள் அன்றைய அதிபர் மைத்திரிபால சிறிசேனா அந்நடவடிக்கையை நீக்கச் செய்தார். பின்பு அவர் தாயகம் திரும்பினார்.

ஆர்ப்பாட்டக்காரர் சிலர் தனியார் வழக்குத் தொடுத்தனர். 2019 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் அவர் இல்லாமலே அவரைக் குற்றவாளி எனக் கண்டு பிடியாணை பிறப்பித்தது. தூதர்க்குரிய சட்ட விலக்குரிமை பற்றிய கேள்வி எழுந்ததால் அவ்வாணையும் தீர்ப்பும் நீக்கப்பட்டன. மறு விசாரணையின் முடிவில், 2019 டிசம்பர் 6 அன்று, 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளி என மீண்டும் தீர்ப்பளிக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2021 மார்ச் மாதத்தில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தூதரகத்தின் உறுப்பினர் என்ற முறையில் தம் பணியின்போது செய்த செயலுக்கு, பணி முடிந்து சென்ற பின்னும் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அளிக்கும் விலக்குரிமை நீடிக்கிறது என்பதே அதன் காரணம்.

இவ்வழக்கைப் பற்றி இரு தவறான செய்திகள் நம்மிடையே உலவுகின்றன. “நீதிமன்றம் இலங்கை அரசைக் குற்றவாளி என்றது” என்பது ஒன்று. “அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. எவ்வாறெனின், இத்தகைய வழக்குகளில் மூன்று வினாக்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தே நோக்குதல் வேண்டும்.

(அ) செயல் நிகழ்ந்ததா? நிகழ்ந்தது. படச்சான்று உண்டு, விசாரணை நீதிமன்றமும் அதனை ஏற்றது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு அதனை மறுக்கவில்லை.

(ஆ) அதில் அரசின் கை உண்டா? சைகை செய்தவர் அரசின் அலுவலர். ஆயின் அவ்வாறு செய்யும்படி மேலிருந்து ஆணை வந்தது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை. அமைச்சு அவரை இடைநீக்கம் செய்ததை ஒரு சாரார் எடுத்துக்காட்டுவர். அதிபர் அதனை நீக்கியதை மறு சாரார் எடுத்துக்காட்டுவர். ஆணையிட்டமை வேறு, செய்தபின் தாங்கிக்கொண்டமை வேறு. பிந்தியதே இங்குத் தெளிவாகக் காணப்படுகிறது.

(இ) தண்டிக்கக்கூடியதா? இல்லை என்பதே இறுதி விடை. அவ்விடை முதல் வினாவைத் தொடவேயில்லை. செயல் அலுவற் பணியோடு எவ்வளவு நெருங்கியதோ, அவ்வளவுக்கு அதற்குப் பாதுகாப்பும் மிகுகிறது. பாதிக்கப்பட்டோர்க்கு இது கசப்பான முரண். எனினும் தூதர் பாதுகாப்பு வீணான சலுகையன்று. அது இன்றேல் பகை நாடுகளில் எந்தத் தூதரும் பணிபுரிதல் இயலாது.

இதே இலண்டனில் 1984 ஏப்ரல் 17 அன்று நிகழ்ந்ததையும் ஒப்பிடலாம். கடாபியின் ஆட்சியை எதிர்த்து லிபியர் நடத்திய ஆர்ப்பாட்டத்தின்மீது லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து துப்பாக்கியால் சுட்டனர். பணியிலிருந்த பெண் காவலர் இவோன் பிளெச்சர் இறந்தார். ஆர்ப்பாட்டக்காரர் பலர் காயமுற்றனர். உள்ளிருந்தோர் விலக்குரிமையோடு நாடு திரும்பினர். 1999இல் லிபிய அரசு பொதுவான பொறுப்பை ஏற்று இழப்பீடு அளித்தது. 2021இல் உரிமையியல் வழக்கு ஒன்றில்தான் ஒருவருடைய கூட்டுப் பொறுப்பை நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு 37 ஆண்டுகள் சென்றன. தண்டனை இன்மை குற்றம் இன்மையாகாது.

5. எதிர்வாதங்களும் நம் சொந்தக் குறையும்

இளைஞரின் மறுப்பையும் நாம் புறக்கணித்தல் தகாது. தஞ்சம் பெறுவதற்காக மிகைப்படுத்துவோர் உண்டு. பிரித்தானிய மேல் தீர்ப்பாயம் 2021இல் இலங்கைத் தமிழர் பற்றிய வழிகாட்டும் தீர்ப்பொன்றில் இதனை விரிவாக ஆராய்ந்தது. புலம்பெயர்ந்தோரின் அரசியற் செயல்களை இலங்கை அரசு கண்காணிக்கிறது என்பதை அது ஏற்றது. ஆயின் ஆர்ப்பாட்டத்துக்குச் சென்ற ஒவ்வொருவரும் ஆபத்திலிருப்பதாகக் கொள்ளலாகாது; ஒருவர் வகித்த பங்கு எத்தகையது என்பதைத் தனித்தனியே எடைபோடவேண்டும் என்றது. ‘எல்லாரும் பொய்யர்’ என்பதும் ‘எல்லாரும் மெய்யர்’ என்பதும் ஒருங்கே தள்ளுண்டன.

இலங்கை அரசின் வாதம், எதிர்ப்போர் விடுதலைப் புலிகளின் ஆதரவாளர் என்பது. பிரித்தானியாவில் 2001இல் தடைசெய்யப்பட்ட அவ்வியக்கத்தின் கொடி அன்றைய ஆர்ப்பாட்டத்தில் காணப்பட்டதும் உண்மையே. ஆனால் கொடி பிடித்தவரைச் சட்டப்படி விசாரிக்கப் பிரித்தானியக் காவலர் உண்டு. கழுத்தைக் காட்டிப் பேசுவது விசாரணையன்று.

இனி நம் சொந்தக் குறை. அரசுகள் மட்டுமே இதனைச் செய்தன என்றால் நாம் பொய்ச் சாட்சி கூறியவராவோம். 1990 ஜூன் 19 அன்று, நமக்கு அண்மையிலுள்ள கோடம்பாக்கத்தில், ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் அவருடனிருந்த தோழர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அவர்களும் கடல் கடந்து வந்து நம்மிடையே தங்கியிருந்த மாற்றுக் கருத்தினரே. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்ந்த தமிழரை அவ்வியக்கத்தினர் மிரட்டிப் பணம் பெற்றதைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் அறிக்கை வெளியிட்டது. இலங்கை அரசைக் கண்டிக்கும் அதே குரலில் இதனையும் கண்டிக்க இயலாதவர்க்கு நீதி பேசும் உரிமை குறைவு.

6. குற்றச்சாட்டு நம் நாட்டின்மீது வரும்போது

அயலார்மீது வரும் குற்றச்சாட்டை எடைபோடுதல் எளிது. 2023 ஜூன் 18 அன்று கனடாவின் சர்ரே நகரில், காலிஸ்தான் ஆதரவாளரான ஹர்தீப் சிங் நிஜ்ஜார் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அரசின் முகவர்களுக்கு அதில் தொடர்பிருக்கலாம் என்று நம்பத்தக்க தகவல் ஆராயப்பட்டு வருவதாக அன்றைய கனடா பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தில் கூறினார். இந்தியா அதனை முற்றிலும் மறுத்தது. 2024 மே மாதத்தில் இந்தியர் நால்வர்மீது கனடாவில் கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அக்டோபரில் இரு நாடுகளும் தூதர்களை வெளியேற்றின. அமெரிக்காவில் வேறொரு சீக்கியத் தலைவரைக் கொல்லச் சதி செய்ததாக 2023 நவம்பரில் வழக்கு எழுந்தபோதோ, இந்தியா உயர்மட்ட விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. ஒருவர்மீது சட்ட நடவடிக்கை எடுக்க அக்குழு பரிந்துரைத்ததாக 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது.

இந்தியாவின் குறை கற்பனையன்று. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து புறப்பட்ட ‘கனிஷ்கா’ விமானம் காலிஸ்தான் தீவிரவாதிகளின் குண்டினால் வெடித்து 329 பேர் மாண்டனர். அவ்விசாரணையில் கனடா காட்டிய அசட்டை அந்நாட்டு ஆணையத்தாலேயே பின்னர்க் கண்டிக்கப்பட்டது. நிஜ்ஜாரை 2020இல் இந்தியா பயங்கரவாதி என அறிவித்திருந்தது. இவை யாவும் மெய். ஆயினும் மேற்கூறிய மூன்று வினாக்கள் இங்கும் அப்படியே நிற்கின்றன. நம் தேசம் என்பதால் வினாவை மூடுவதும், நம் தேசம் என்பதாலேயே குற்றத்தை முன்கூட்டி ஏற்பதும் விசாரணைக்குப் பதிலாகா.

7. அடைக்கலப்பட்டணத்தின் ஒழுங்கு

இங்கே திருமறை ஒரு நெறியைத் தருகிறது. எண்ணாகமம் 35லும் யோசுவா 20லும் கூறப்படும் அடைக்கலப்பட்டணங்கள், குற்றமற்றவர்க்கு மட்டும் திறந்த இடங்கள் அல்ல. கொலை செய்தவன் அங்கு ஓடி வருகிறான். வாசலில் நின்று தன் வழக்கைச் சொல்கிறான். மூப்பர் அவனை ஏற்று இடம் கொடுக்கின்றனர். சபையின் முன் நியாயம் விசாரிக்கப்படும்வரை பழிவாங்குகிறவன் கையில் அவனை ஒப்புவித்தலாகாது. விசாரணையில் அவன் மனமறிந்து கொன்றவன் எனக் கண்டால் பாதுகாப்பு நீங்கும்.

இதன் கருத்து யாது? அடைக்கலம் தீர்ப்பன்று; தீர்ப்புக்கு இடமுண்டாக்கும் ஒழுங்கு. ஓடி வந்தவனைக் காப்பதால் அவனுடைய கூற்றை நாம் மெய்யென்று ஒப்புக்கொண்டதாகாது. அவனைத் துரத்துபவனிடம் மெய்யான குறை இருப்பதால் துரத்துதல் நியாயமாவதுமில்லை. முதலில் உயிர், பின்பு விசாரணை. அவ்விசாரணையும் இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் நிலைபெற வேண்டும். பொய்ச் சாட்சியும் நன்றாய் ஆராயப்பட வேண்டும் (உபாகமம் 19:15-19). திரளானோர் பக்கம் சாய்தலும், ஏழை என்பதற்காக அவன் வழக்கில் முகதாட்சணியம் பார்த்தலும் யாத்திராகமம் 23இல் ஒருங்கே விலக்கப்படுகின்றன.

8. அச்சம் பயணம் செய்யும் விதம்

வகுப்பின் ஆண்டு நிறைவில் அனைவரும் சேர்ந்து புகைப்படம் எடுக்க முற்பட்டபோது அத்தாயார் விலகி நின்றார். கூச்சம் என எண்ணினோம். தனியே வினவியபோது காரணம் கூறினார். மகன் இலண்டனில் ஆர்ப்பாட்டங்களுக்குச் செல்பவன். தமக்கை இன்னும் வன்னியில் வாழ்கிறார். தம்மையோ தமக்கையையோ இதுவரை எவரும் மிரட்டியதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அக்கழுத்துச் சைகையின் படத்தைத் தாம் பார்த்ததாகவும், அன்று முதல் தம் முகமும் மகனின் பெயரும் ஓரிடத்தில் சேர்ந்து காணப்படுவதை விரும்பவில்லை என்றும் கூறினார்.

அவர் வழக்கில் நிரூபிக்க எதுவுமில்லை. ஆயினும் இலண்டன் தெருவில் செய்த ஒரு சைகை அயனம்பாக்கத்துக் கூடம்வரை வந்து ஒரு மூதாட்டியைப் படத்திலிருந்து விலக்கிவிட்டது. ஒருவருக்குக் காட்டியது பல்லாயிரவரை அடக்குகிறது. இதற்குச் சைகையும் வேண்டுவதில்லை. 2014 மார்ச் மாதம் இலங்கை அரசு புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் உள்ளிட்ட 16 அமைப்புகளையும் 424 பேரையும் பயங்கரவாதத் தொடர்புடையோராக வர்த்தமானியில் பட்டியலிட்டது. 2015இல் பல பெயர்கள் நீக்கப்பட்டன. 2021இல் பல மீண்டும் சேர்க்கப்பட்டன. 2022இல் சில அமைப்புகளும் தனியாட்களும் மீண்டும் நீக்கப்பட்டனர். ஆட்சி மாறப் பட்டியல் மாறிற்று. ஊரிலிருக்கும் உறவினர் எவரோடு பேசலாம், பேசலாகாது என்றறியாமல் திகைத்தனர்.

9. சபை செய்யத்தக்கது

நம் சபைகள் நீதிமன்றங்கள் அல்ல. ஆகவே எவரையும் குற்றவாளி என்று அறிவித்தல் நம் பணியன்று. ஆயின் சில காரியங்கள் நம் கையில் உண்டு. அஞ்சி வருவோரின் பேச்சைக் கேட்டு, நாளும் இடமும் சொற்களும் மாறாமல் எழுதிவைக்க உதவலாம். மெய்யாயின் அது சான்றாகும், மிகையாயின் அதுவே திருத்தும். அவர்களுடைய படத்தையும் பெயரையும் முகவரியையும் அனுமதியின்றி நம் மலர்களிலும் செய்தி மடல்களிலும் இடாதிருக்கலாம். கேட்ட செய்தியை மேடையில் பெருக்கிச் சொல்லாதிருக்கலாம். செயலைக் கண்டிக்கும்போது ஓர் இனத்தையோ நாட்டு மக்களையோ கண்டிக்காதிருக்கலாம்.

துரத்துகிறவர்களுக்காகவும் நாம் ஜெபித்தல் வேண்டும். எகிப்துக்குச் சென்று உரியாவைப் பிடித்து வந்த அதே எல்நாத்தான், பின்னொருநாள் எரேமியாவின் சுருளை எரிக்கவேண்டாம் என்று அரசனிடம் விண்ணப்பம் செய்தவர்களுள் ஒருவனாக நிற்கிறான் (எரேமியா 36:25). சவுல் பவுலானதை நாம் அறிவோம். அரசின் கையாக இருந்த மனிதனுக்கும் மனச்சாட்சி உண்டு.

உரியாவின் சாவைச் சொல்லி முடித்த உடனே, எரேமியா ஏன் சாகவில்லை என்பதையும் 26ஆம் அதிகாரம் சொல்லிவிடுகிறது. இருவர் செய்தியும் ஒன்றே, அரசனும் ஒருவனே. எரேமியாவுக்குச் சாப்பானின் குமாரனாகிய அகீக்காமின் கை துணையாயிருந்தது. எகிப்து என்னும் பேரரசு செய்யாததை எருசலேமில் ஒரு மனிதன் செய்தான். அவன் எரேமியாவின் கருத்துகள் அனைத்தையும் ஏற்றானா என்று திருமறை கூறவில்லை.

அவ்வாண்டு நாம் புகைப்படம் எடுக்கவில்லை. வேண்டாம் என்று முதலில் சொன்னவர், வகுப்பில் அத்தாயாரை மறுத்துப் பேசிய அந்த இளைஞரே. தம் கருத்தை அவர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.